வெயில் நாட்டில் உறையும் கார்பரேட்டர்

நீர் உறைதல் என்றவுடன் இமயத்தின் சிகரங்களும் ஐரோப்பியக் குளிர்காலமுமே நம் நினைவில் எழுகின்றன. வியர்வை வழிய அமர்ந்திருக்கும் ஒரு விமானிக்கு முன்னால், இரண்டு முழத் தொலைவில், ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் உள்ளே பனிக்கட்டி வளர்ந்துகொண்டிருக்கலாம் என்று கூறினால் பலர் நகைப்பர். ஆயினும் அது உண்மை. இருவர் மட்டும் அமரக்கூடிய இலகு விளையாட்டு விமானங்களின் தொகை நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் பெருகி வருகின்றது. இவற்றுள் பெரும்பாலானவை ஒரே எஞ்சினை நம்பிப் பறப்பவை. ஆதலின், இவ்வுண்மையை விமானிகளும் பயிற்றுவோரும் விதி வகுப்போரும் இப்போது காட்டும் கவனத்தினும் மிகுதியான கவனத்துடன் கருதுதல் வேண்டும் என்பது என் கருத்து.

கார்பரேட்டரின் பணி பெட்ரோலையும் காற்றையும் தக்க அளவில் கலந்து எஞ்சினுக்கு அளிப்பது. காற்று ஒரு குறுகிய கழுத்தின் வழியே விரைந்து செல்கிறது. விரைவு மிகுந்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. அக்குறைவு பெட்ரோலை உறிஞ்சிச் சிறு துளிகளாகத் தெளிக்கிறது. இதன் பின் நிற்பது திராட்டில் தகடு. விமானி கைப்பிடியைப் பின்னிழுத்தால் தகடு மூடி, எஞ்சினுக்குச் செல்லும் கலவை குறையும். இச்சிறு அமைப்பினுள் குளிர்ச்சி இரு வழிகளில் பிறக்கிறது. அழுத்தம் குறையும்போது காற்று விரிந்து சில பாகை குளிர்வது ஒன்று. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றினின்றும் உலோகத்தினின்றும் வெப்பத்தைக் கவர்வது மற்றொன்று. மண்பானை நீர் குளிர்வதும், கையில் தடவிய சாராயம் சில்லென்று உணரப்படுவதும் இரண்டாவது வகையே. பெருங்குளிர்ச்சியைத் தருவதும் அதுவே.

இதன் அளவை எளிய கணக்கொன்றால் காணலாம். ஒரு கிலோகிராம் பெட்ரோல் ஆவியாவதற்கு வேண்டிய உள்ளுறை வெப்பம் ஏறத்தாழ 350 கிலோஜூல். அதனுடன் கலக்கும் காற்று ஏறக்குறைய 12 கிலோகிராம் என்று கொள்வோம். ஒரு கிலோகிராம் காற்றை ஒரு பாகை செல்சியஸ் குளிரச் செய்ய ஒரு கிலோஜூல் வெப்பம் நீங்கினால் போதும். ஆகவே பெட்ரோல் முழுதும் ஆவியாகுமாயின், உலர்ந்த காற்று 29 பாகை குளிரும். காற்றிலுள்ள நீராவி நீராக மாறும்போது தன் வெப்பத்தை வெளிவிட்டு இக்குளிர்ச்சியின் ஒரு பகுதியை ஈடுசெய்வதால், ஈரக்காற்று முழுவதும் அவ்வளவு குளிர்வதில்லை. எனினும் குளிர்ச்சி எங்கும் ஒரே சீராகப் பரவுவதுமில்லை. பெட்ரோல் நேரே படும் சுவரிலும், தகட்டின் விளிம்பிலும் அது செறிந்து நிற்கின்றது. உறைதல் தொடங்குவது அங்கேதான்.

இனி, உறைவதற்கு நீர் எங்கிருந்து வருகிறது? 30 பாகை வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்க வல்லது. சுழியப் பாகையில் அது தாங்குவது 5 கிராமுக்கும் குறைவு. சுழியத்துக்கு 10 பாகை கீழே 2 கிராமைச் சற்றே மீறும். கார்பரேட்டர் உறைவைப் பற்றிய பொதுவான பிழைக் கருத்து இவ்வெண்களின் முன் நில்லாது. கடுங்குளிர்க் காற்று வறண்ட காற்று. உறையச் செய்வதற்குப் போதிய நீர் அதில் இல்லை. நம் கரையோர நகரங்களின் மழைக்கால விடியற்காலைக் காற்றோ 25 பாகையில் கன மீட்டருக்கு 20 கிராம் நீராவியைச் சுமந்து நிற்கின்றது. நூறு குதிரைத்திறன் எஞ்சின் ஒன்று சாதாரணப் பறப்பில் நிமிடத்திற்கு இரண்டு கன மீட்டருக்குக் குறையாத காற்றை உட்கொள்ளும். அதாவது நிமிடந்தோறும் 40 கிராம் நீர் அக்குறுகிய கழுத்தைக் கடக்கின்றது. அதில் ஒரு சிறு பகுதி ஒட்டிக்கொண்டாலே வழி அடைபடும்.

விமானிகளுக்காக அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் வெளியிட்டுள்ள கையேடு இதனை ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகின்றது. வெப்பம் 21 பாகைக்குக் கீழும் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேலும் இருக்கும்போது உறைவு மிக எளிதில் நேரும். எனினும் 38 பாகை வெப்பத்திலும், 50 விழுக்காட்டு ஈரப்பதத்திலுங்கூட அது நேர்தல் கூடும் என்பது அதன் கூற்று. அந்நிர்வாகமே 2009-ஆம் ஆண்டில் இப்பொருள் பற்றி வெளியிட்ட அறிவிக்கையொன்றில் ஒரு வரைபடம் உண்டு. காற்றின் வெப்பநிலை ஓர் அச்சு. பனிபடு நிலை மற்றோர் அச்சு. வெப்பமும் ஈரமும் மிகுந்த காற்றில், எஞ்சினின் ஆற்றலைக் குறைத்து இறங்கும் வேளைக்கு உறைவின் கடுமை மிகுதி என்று அது காட்டுகின்றது. மார்கழி, தை மாதங்களில் கங்கைச் சமவெளியை மூடும் மூடுபனியில், பத்துப் பாகையை ஒட்டிய வெப்பமும் நிறைந்த ஈரமும் ஒருங்கே கூடும்போது, இறங்கும் வேளை, ஏறும் வேளை என்ற வேறுபாடும் இல்லாது போகின்றது. ஆகவே இது நம் நாட்டுக்கு அயலான நோய் அன்று.

பின்னர், குளிர்நாட்டு நோய் என்ற எண்ணம் எவ்வாறு வேரூன்றிற்று? புகழ்பெற்ற பறப்புகளின் வரலாறும் இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1927-ஆம் ஆண்டு மே மாதம் சார்லஸ் லிண்ட்பர்க் தம் விமானத்தைச் சான் டியேகோவிலிருந்து கிழக்கே செலுத்திச் சென்றபோது, இரவில், மேற்கு மலைத்தொடரின் மேல் எஞ்சின் தடுமாறத் தொடங்கியது. தட்டுத் தடுமாறி அவர் மலைகளைக் கடந்தார். நியூயார்க்கை அடைந்தபின் கார்பரேட்டருக்குச் செல்லும் காற்றைச் சூடாக்கும் கருவி அவ்விமானத்தில் பொருத்தப்பட்டது. அதன் பின்னரே அட்லாண்டிக் மாகடல் கடக்கப்பட்டது. இத்தகைய நிகழ்ச்சிகளில் இரவும் மலையும் குளிரும் படிப்போர் மனத்தில் பதிகின்றன. காற்றின் ஈரம் எவர் நினைவிலும் நிற்பதில்லை.

இரண்டாவது காரணம் சொல்லைப் பற்றியது. மொழிபெயர்ப்பை நாளும் கையாளுவோர் இதனை உடனே உணர்வர். விமான வானிலை அறிக்கைகளில் ‘ஐசிங்’ என்னும் ஆங்கிலச் சொல், மேகத்தினூடே செல்லும் விமானத்தின் இறக்கையிலும் வாலிலும் பனிக்கட்டி படிவதையே குறிக்கும். அது சுழியப் பாகைக்குக் கீழே நிகழ்வது. கார்பரேட்டருக்குள் நிகழ்வதையும் கையேடுகள் அதே சொல்லால் வழங்குகின்றன. ஆகவே ‘ஐசிங் எதிர்பார்க்கப்படவில்லை’ என்று அறிக்கையில் படிக்கும் மாணவன், தன் எஞ்சினுக்கும் அவ்வுறுதி பொருந்தும் என்று எண்ணிவிடுதல் இயல்பு. அவ்வறிக்கை அவனுக்கு அத்தகைய உறுதி எதனையும் அளிக்கவில்லை. தமிழில் இவ்விரண்டையும் ‘பனி படிதல்’ என்றே எழுதிவிட்டால் குழப்பம் இரட்டிக்கும். முன்னதை ‘இறக்கைப் பனி’ என்றும், பின்னதைக் ‘கார்பரேட்டர் உறைவு’ என்றும் பிரித்து வழங்குதல் நன்று. மற்ற இந்திய மொழிகளில் எழுதுவோரும் இவ்வாறே இரு சொற்களைக் கொள்ளலாம். ஒன்று மட்டும் வியப்பாக உள்ளது. தமிழில் பனி என்ற சொல் புல்லின்மேல் தங்கும் நீர்த்துளியையும் உறைந்த நீரையும் ஒருங்கே குறிக்கும். இதனைக் குறை என்பாரும் உளர். கார்பரேட்டரைப் பொறுத்தவரை அது குறையன்று. முதலில் துளியாகப் படிந்து, பின் அதுவே கட்டியாக இறுகுவதுதான் அங்கே நிகழ்வது. எனவே விமானி பார்க்க வேண்டியது வெப்பமானி காட்டும் எண்ணை மட்டுமன்று; பனிபடு நிலை அதற்கு எவ்வளவு அருகில் உள்ளது என்பதையும் பார்த்தல் வேண்டும். விமான நிலைய வானிலை அறிக்கை ஒவ்வொன்றிலும் இவ்விரு எண்களும் அடுத்தடுத்தே தரப்படுகின்றன. புதிய கருவி எதுவும் வேண்டுவதில்லை. பறக்குமுன் தரப்படும் குறிப்பில் அவ்விரண்டையும் ஒப்பிட்டு ஒரு வரி எழுதச் செய்தால் போதும்.

இந்நோயின் கொடுமை அது வரும் விதத்தில் உள்ளது. மாறாத கோணமுள்ள சுழல்விசிறி பூட்டிய விமானத்தில் எஞ்சினின் சுற்றுகள் சிறிது சிறிதாகக் குறையும். விமானி தன்னை அறியாமலே திராட்டிலைச் சற்று முன்தள்ளுவார், சுற்றுகள் ஏறும், மீண்டும் குறையும். பின்னரே எஞ்சின் அதிரத் தொடங்கும். இதற்கான மருந்து ஒரே ஒரு கைப்பிடி. அதை இழுத்தால், புகைபோக்கிக் குழாயைச் சுற்றி வந்த சூடான காற்று கார்பரேட்டருக்குள் நுழையும். ஆனால் அம்மருந்தின் முதல் விளைவு நோயினும் அச்சந்தருவது. சூடான காற்றின் அடர்த்தி குறைவாதலால் ஆற்றல் மேலும் குறைகிறது. உருகிய நீர் எஞ்சினுக்குள் செல்லும்போது அது இருமுகிறது, அதிர்கிறது. பயிற்சி குறைந்த விமானி, தான் செய்தது தவறு என்று கருதிக் கைப்பிடியை உடனே மூடிவிடுவதுண்டு. அப்போது உருகத் தொடங்கிய பனி மறுபடியும் இறுகும். அரை நிமிடம் பொறுத்திருந்தால் அதிர்வு நீங்கி, சுற்றுகள் முன்னிருந்த அளவுக்கு மேலும் ஏறுவதைக் கண்டிருப்பார். அந்த அரை நிமிடப் பொறுமையைப் புத்தகத்தால் கற்பித்தல் இயலாது.

இதனினும் முக்கியமான ஒன்றுண்டு. வெப்பத்தைத் தருவது புகைபோக்கி. எஞ்சின் நின்றுவிட்டால் புகைபோக்கி விரைவில் ஆறிவிடும். மருந்தைத் தருவதே நோயாளியாக இருப்பதால், காலந்தாழ்ந்து இழுத்த கைப்பிடி வெறும் கைப்பிடியே. ஆயிரம் அடி உயரத்தில் எஞ்சினை இழந்த சிறு விமானம் தரையை அடைய இரண்டு நிமிடங்களுக்குமேல் ஆவதில்லை. இறங்குவதற்காகத் திராட்டிலை மூடியிருக்கும் வேளையில் தகட்டின் இடைவெளி மிகச் சிறியது. புகைபோக்கியின் வெப்பமும் குறைவு. எஞ்சின் மெல்ல ஓடுவதால் தடுமாற்றம் காதுக்கு எட்டுவதுமில்லை. மறுபடியும் ஏற வேண்டித் திராட்டிலைத் திறக்கும்போதுதான் எஞ்சின் விடை தருவதில்லை என்பது தெரிய வருகிறது. விபத்து நேர்ந்தபின் ஆய்வாளர்கள் வந்து பார்க்கும்போது பனி உருகி உலர்ந்திருக்கும். எஞ்சினைப் பிரித்தால் குறையேதும் காணப்படாது. அன்றைய வெப்பநிலையையும் பனிபடு நிலையையும் வரைபடத்தில் குறித்துப் பார்த்தே காரணத்தை ஊகிக்க வேண்டியிருக்கும். சான்றைத் தானே அழித்துவிட்டுச் செல்லும் இத்தகைய குறை, கணக்குகளில் உள்ளதினும் மிகுதியாகவே நடக்கின்றது என்று நான் கருதுவது மிகையாகாது.

எல்லா எஞ்சின்களும் இதற்கு ஒரே அளவில் ஆட்படுவன அல்ல. செஸ்னா 150 விமானத்திலும், பின்னர் இலகு விளையாட்டு வகைக்கென வந்த செஸ்னா 162 விமானத்திலும் இடம்பெற்ற காண்டினென்டல் ஓ-200 எஞ்சின் உறைவுக்குப் பெயர் போனது. லைகமிங் எஞ்சின்கள் பலவற்றில் கார்பரேட்டர் எண்ணெய்த் தொட்டியின் அடியில் பொருத்தப்பட்டிருப்பதால், சூடான எண்ணெயினால் சிறிது காப்பு உண்டு. இன்று இலகு விமானங்களில் பரவலாகக் காணப்படும் ராட்டக்ஸ் 912 எஞ்சினில் பிங் வகைக் கார்பரேட்டர்கள் இரண்டு உள்ளன. ஒவ்வொன்றும் இரு சிலிண்டர்களுக்குக் கலவை தருகிறது. ராட்டக்ஸ் எஞ்சின் உறையாது என்றொரு நம்பிக்கை விமானிகளிடையே நிலவுகின்றது. எஞ்சின் மூடியின் உட்புறத்திலிருந்து வெதுவெதுப்பான காற்றை அது உட்கொள்ளும் அமைப்புகளில் இந்நம்பிக்கைக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. ஆனால் ஆற்றலைச் சிறிது மிகுதியாகப் பெறும் பொருட்டு வெளிக்காற்றை நேரே கொணரும் அமைப்பை விமானம் கட்டுவோர் பொருத்திவிட்டால், அக்காப்பு போய்விடும். எஞ்சினைக் குளிர்விக்கும் சூடான நீரைக் கார்பரேட்டரைச் சுற்றி ஓடவிடும் உறைகளும் கிடைக்கின்றன. அவை விமானியின் கையையோ நினைவாற்றலையோ எதிர்பாராமல் எப்போதும் வேலை செய்வன. என்னைக் கேட்டால், கரையோரத்தில் பறக்கும் விமானம் ஒவ்வொன்றிலும் இவ்வுறையைப் பொருத்தச் சொல்வேன்.

இது ஏட்டுச்சுரைக்காய் அன்று. நமது விமானப்படை, கடற்படை, தேசிய மாணவர் படை ஆகியவற்றின் தேவைக்காக ஸ்லோவேனியா நாட்டு பிபிஸ்ட்ரல் நிறுவனத்துடன் 194 சிறு விமானங்களுக்கு 2015-ஆம் ஆண்டில் ஒப்பந்தம் செய்யப்பட்டது. அவ்வகை விமானத்தில் உள்ளது 80 குதிரைத்திறன் ராட்டக்ஸ் 912. அதில் பறந்து பழகுவோர் கல்லூரி மாணவர், மாணவியர். பள்ளியிறுதி வகுப்பில் உள்ளுறை வெப்பத்தைப் படித்து மறந்தவர்கள் அவர்கள். அப்பாடத்தை வானில் நினைவூட்டுவது பயிற்றுநரின் கடமை.

விதிகளின் நிலையும் கருதத் தக்கது. அமெரிக்காவின் சிறு விமான விதிகள் 2017-ஆம் ஆண்டில் திருத்தி அமைக்கப்படும் வரை, வெஞ்சூரிக் கார்பரேட்டர் உள்ள சாதாரண எஞ்சினுக்கு ஒரு திட்டமான எண்ணை வகுத்திருந்தன. சுழியத்துக்கு ஒரு பாகை கீழுள்ள காற்றை, முக்கால் பங்கு ஆற்றலில் எஞ்சின் ஓடும்போது, 50 பாகை உயர்த்தவல்ல வெப்பமூட்டி வேண்டும் என்பது அது. 2004-ஆம் ஆண்டில் அந்நாட்டில் 600 கிலோகிராம் எடை வரம்புடன் தோன்றிய இலகு விளையாட்டு விமான வகைக்குரிய தரநூலோ, உறைவுக்கான வாய்ப்பைக் குறைக்கும்படி காற்றுப்பாதை அமைதல் வேண்டும் என்ற அளவில் நின்றுவிட்டது. விலையையும் எடையையும் குறைக்கும் நோக்கம் நல்லதே. ஆயினும் ‘குறைக்கும்படி’ என்ற சொல்லை அளந்து பார்க்க அளவுகோல் இல்லை. ஈரக்காற்று மிகுந்த நம் நாட்டில், இவ்விமானங்களுக்கு ஒப்புதல் அளிக்கும் அதிகாரிகள் எண்ணொன்றைக் கேட்பதே முறை. கார்பரேட்டரின் வெப்பநிலையைக் காட்டும் சிறு கருவியையும் அவர்கள் வேண்டலாம். சுழியத்துக்கு 15 பாகை கீழிலிருந்து 5 பாகை மேல் வரை மஞ்சள் வில் வரைந்த முகப்பு அது. முள் அவ்வில்லுக்குள் நிற்கலாகாது என்று எவர்க்கும் எளிதில் விளங்கும்.

மறுப்புரைப்போர் கூறுவதிலும் பொருள் இல்லாமலில்லை. சூடான காற்று எஞ்சினின் ஆற்றலில் 15 விழுக்காடு வரை குறைத்துவிடும். ஆகவே புறப்படும்போது அதைத் திறந்து வைத்தல் கூடாது. அக்காற்று வடிகட்டியின் வழியே வருவதில்லையாதலால், புழுதி படிந்த ஓடுதளத்தில் அதைத் திறந்தால் மணல் எஞ்சினுக்குள் செல்லும். இராஜஸ்தானத்து ஓடுதளங்களை அறிந்தோர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. கைப்பிடியைப் பாதியளவு மட்டும் இழுப்பது சில வேளைகளில் தீங்கே விளைக்கும். மிகக் குளிர்ந்து உலர்ந்திருந்த காற்றை அது உறைவுக்கு ஏற்ற வெப்பத்துக்கு ஏற்றிவிடக்கூடும். இவையெல்லாம் எப்போது இழுப்பது, எப்போது மூடுவது என்பதைத் தெளிவாகக் கற்பிக்க வேண்டும் என்பதற்கே ஆதாரங்கள். செஸ்னாவின் கையேடு திராட்டிலை மூடுமுன் முழுவெப்பம் தரச் சொல்கிறது. பைப்பரின் கையேடோ, உறைவின் அறிகுறி தோன்றினாலன்றித் தர வேண்டாம் என்கிறது. எஞ்சினின் அமைப்பு வேறாதலின் இரண்டும் பொருந்துவனவே. அவரவர் விமானத்தின் கையேடே அவரவர்க்கு விதி. ஆயினும் ‘தேவைப்படின்’ என்ற ஒரே சொல்லைச் சரிபார்ப்புப் பட்டியலில் எழுதி, தேவையை அறியும் வழியைச் சொல்லாது விடுவது முறையன்று. பனிபடு நிலைக்கும் வெப்பநிலைக்கும் இடையே இத்தனை பாகைக்குள் இருப்பின் என்று எழுதலாமே!

எரிபொருளைப் பற்றியும் சில சொற்கள். ராட்டக்ஸ் 912 மோட்டார்ப் பெட்ரோலிலும் ஓடுவது. அதன் சிறப்புகளுள் ஒன்று அது. மோட்டார்ப் பெட்ரோல் விமானப் பெட்ரோலினும் எளிதில் ஆவியாவதால், உறைவுக்கு மிகுதியாக இடந்தரும். நம் நாட்டில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ஆம் ஆண்டு முதல் பரவலாக விற்பனைக்கு வந்துள்ளது. எத்தனாலின் உள்ளுறை வெப்பம் பெட்ரோலைப் போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்டது. முன்னர் இட்ட கணக்கை அக்கலவைக்கு இட்டுப் பார்த்தால், ஒரு கிலோகிராம் கவரும் வெப்பம் கால் பங்குக்கும் மேலாக உயர்கின்றது. ராட்டக்ஸ் நிறுவனம் ஒப்புவதோ 10 விழுக்காடு எத்தனால் மட்டுமே. சாலையோரப் பெட்ரோல் நிலையத்தில் நிரப்பிய தகரத்தை வானூர்தித் திடலுக்குக் கொணரும் வழக்கம் எங்கேனும் இருப்பின், அதை உடனே நிறுத்துதல் வேண்டும். இந்தியன் ஆயில் நிறுவனம் 2022-ஆம் ஆண்டு முதல் வதோதராவில் விமானப் பெட்ரோலை உற்பத்தி செய்து வருகின்றது. அது பெருநகர்களோடு நின்றுவிடாமல் சிறு திடல்களுக்கும் சென்று சேர வழி காணப்பட வேண்டும்.

கார்பரேட்டரையே நீக்கிவிடுவது முழுமையான தீர்வன்றோ என்று வாசகர் வினவலாம். ஆம். பெங்களூரிலுள்ள தேசிய வானூர்தி ஆய்வுக்கூடம் உருவாக்கிய ஹன்சா-3 விமானத்தில் கார்பரேட்டருள்ள ராட்டக்ஸ் 914 எஞ்சின் இடம்பெற்றிருந்தது. அதன் புதிய தலைமுறை விமானம் 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் முதன்முறையாகப் பறந்தது. இதில் எரிபொருளை மின்னணுக் கட்டுப்பாட்டில் பீய்ச்சும் ராட்டக்ஸ் 912 ஐஎஸ் எஞ்சின் பொருத்தப்பட்டுள்ளது. வெஞ்சூரிக் கழுத்து அதில் இல்லை. எரிபொருள் சிலிண்டருக்கு அருகே, சூடான இடத்தில் தெளிக்கப்படுகிறது. 2022-ஆம் ஆண்டு இவ்விமானத்தின் கடல்மட்டச் சோதனைகள் புதுச்சேரியில் நடந்தன. நாம் இதுகாறும் பேசிய ஈரக்காற்று அங்கே குறைவின்றி உண்டு.

ஆனால் விமானங்கள் நெடுங்காலம் வாழ்பவை. செஸ்னா 152 உற்பத்தி 1985-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. அவ்விமானங்கள் பயிற்சிப் பள்ளிகளில் இன்றும் பறக்கின்றன. இப்போது வாங்கப்பட்டுள்ள கார்பரேட்டர் எஞ்சின்களும் இன்னும் இருபது, முப்பது ஆண்டுகள் ஓடும். அதுவரை, ஈரம் மிகுந்த ஒரு காலை வேளையில், புழுதியில்லாத தளத்தில் விமானத்தை நிறுத்தி, எஞ்சினைச் சிறிது நேரம் மெல்ல ஓடவிட்டு, பின் கைப்பிடியை முழுதும் இழுத்து, எஞ்சின் இருமி அதிர்ந்து மீண்டும் சீராவதை மாணவன் தன் காதால் கேட்கும்படி பயிற்றுநர் செய்தல் வேண்டும். இதற்கு ஆகும் பெட்ரோல் ஒரு லிட்டருக்கு மேற்படாது.